வைத்திலிங்கம் செல்லுபடியாகும் நாள்வரை

எங்கள் அலுவலகத்தில் ஒருநாள்கூட லீவு போடாத ஒரே ஆள் வைத்திலிங்கம்தான். 2007 ஜனவரியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் செத்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் ஆறாவது பெயர் அவருடையது. தினம் காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் ராசாங்கம் சார் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். போடும்போது மட்டும் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். ஜன்னலோரம் இருந்த அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. டீ கொண்டுவரும் பாப்பாத்தியக்கா முதல் டம்ளரை அந்த மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து வந்துவிடும். ஆறிப்போன டீயை மதியம் எடுத்து ஊற்றுவதும் அதன் வேலைதான். "கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருக்குப்பா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னது. ஆவியாகியிருக்கும் என்றேன். "அதத்தாம்ப்பா நானும் சொல்றேன்" என்றது.

அலுவலகத்தின் பெயர் மாவட்ட மின்விண்ணப்பக் காப்பு அலுவலகம். பெரம்பலூரில் ஒரு பழைய ஓட்டுக்கட்டடம். ஜனங்கள் கம்ப்யூட்டரில் அனுப்பும் மனுக்களை வாங்கிப் பத்திரமாகக் காப்பது எங்கள் வேலை. பதில் சொல்வது வேறு யாருடைய வேலையோ. நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவன், பெயர் அறிவரசன், பதவி ஒப்பந்த ஊழியர். அதாவது வேலை எல்லாம் செய்யலாம், எதையும் செய்ததாகச் சொல்லக் கூடாது.

எனக்குக் கொடுத்த வேலையைச் சொல்கிறேன். ஒரு வெப்சைட்டுக்கு நாம் அனுப்புவதை வழியில் எவனும் படிக்காமலிருக்க ஒரு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டு இன்னாருடையது, இன்ன தேதிவரை செல்லும் என்று சொல்கிற சீட்டுக்குப் பெயர் பாதுகாப்புச் சான்றிதழ். முறைப்படி அதை வெளியே ஒரு கம்பெனியிடம் வாங்க வேண்டும். அதற்கான கோப்பு 2002இல் எங்கள் அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று வைத்திலிங்கம் தானே ஒன்றைச் செய்து மாட்டிவிட்டார். வழங்கியவர்: வைத்திலிங்கம். பெற்றவர்: வைத்திலிங்கம். முடியும் நாள்: 15.06.2007.

ஊர்பேர் தெரியாத பூட்டு என்பதால், எங்கள் வெப்சைட்டைத் திறக்கிறவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை காட்டும். 'இதை நம்பலாமா? ஆம், இல்லை' என்று கேட்கும். அலுவலக வாசலில் இதற்கென்றே ஒரு போர்டு வைத்திருந்தார்கள்: 'எச்சரிக்கை வந்தால் பொதுமக்கள் அஞ்ச வேண்டாம். ஆம் என்பதை அழுத்தவும். இல்லை என்பதை அழுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

வைத்திலிங்கம் போனபிறகு சான்றிதழ் நல்லபடியாக இருக்கிறதா என்று யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பன்னிரண்டு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அது எங்கள் வெப்சைட்டின் கதவைத் தட்டி, சான்றிதழை வாங்கி வந்து, யார் பெயரில், எதுவரைக்கும் என்று திரையில் காட்டும். அரை நிமிட வேலை. எழுதிக் காட்டிய அன்று ராசாங்கம் சார் என் தோளில் தட்டி, "இத தெனம் பத்து மணிக்குச் செய்யணும்" என்றார். அங்கேதான் நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

அரை நிமிட வேலையை அவர்கள் நாற்பது நிமிடப் பூசையாக ஆக்கினார்கள். நான் புரோகிராமை ஓட்டுவேன். மூன்று பிரதி அச்சடிப்பேன். சான்றிதழின் அடியில் நாற்பது எழுத்தில் ஓர் அடையாள எண் வரும். ராசாங்கம் சார் அதை இரண்டிரண்டு எழுத்தாக ராகம் போட்டு வாசிக்க, எதிரே இன்னொருவர் நேற்றைய பிரதியில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். பிறகு அலுவலகத் தலைவரான இணை இயக்குநர் 'உண்மை நகல்' என்று பச்சை மையில் கையெழுத்திட்டுச் சீல் குத்துவார். ஒரு பிரதி கோப்புக்கு, ஒன்று அரியலூர்க் கிளைக்குப் பதினோரு மணி பஸ்ஸில், மூன்றாவது வைத்திலிங்கத்தின் மேசைக்கு. சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டுமாம்.

"சார், அவரு இல்லல்ல?" என்று முதல் வாரத்தில் கேட்டுவிட்டேன்.

ராசாங்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, வழங்கினது யாரு?"

"வைத்திலிங்கம்."

"எதுவரைக்கும் செல்லும்?"

"ஜூன் பதினஞ்சு."

"அப்புறம் எப்பிடி இல்லங்கற?"

இத்தனைக்கும் அந்தச் சாவை நேரில் பார்த்தவர் அவர். 2004 ஜூன் 14. சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தைத் தாண்டி ஹைவேயில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்த வைத்திலிங்கத்தை ஒரு லாரி அடித்துவிட்டது. மொத்த ஆபீசும் அவர் ஊரான பூலாம்பாடிக்கு வேன் பிடித்துப் போனது. பாடையின் முன்பக்கம் இடதுபுறம் தோள் கொடுத்தவர் ராசாங்கம் சார். பதினாறாம் நாள் கருமாதிக்கும் போய் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். ஆனால் அன்றைய அனுமதிக் கோப்பில் 'உள்ளூர் நிகழ்ச்சி' என்றுதான் எழுதியிருந்தது.

*

மலர்க்கொடி அக்கா திங்கள்தோறும் வரும். வைத்திலிங்கத்தின் மனைவி. அவர் செத்தபோது ஆறு மாதக் கர்ப்பம், பெண் குழந்தை பிறந்தது அதற்கப்புறம். ப்ளஸ் டூ படித்த பெண். வேலையில் இருக்கும்போதே செத்துப்போனவரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவார்கள். செத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். அக்கா முதல் மாதமே கொடுத்தது. வாங்க மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தது, மறுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் பார்த்த முதல் திங்கட்கிழமை, பேரூராட்சியில் வாங்கிய இறப்புச் சான்றைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டியது.

"வாம்மா, உக்காரு. இது பேரூராட்சிக் கணக்குப்படி" என்றார் ராசாங்கம் சார், அன்பாகத்தான். "எங்க கணக்குப்படி இன்னும் வரலியேம்மா."

"சார், நீங்கதானே தூக்குனீங்க."

"நான் தனிப்பட்ட முறையில தூக்குனேன்."

அக்கா என் பக்கம் வந்து இன்னொரு காகிதத்தைக் காட்டியது. லப்பைக்குடிக்காட்டுக்காரரான ஆகிப் பாய் என்பவர் பஸ் ஸ்டாண்டு எதிரே வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எங்கள் வெப்சைட்டிலேயே தன் மனுவைப் போட்டிருக்கிறது. உடனே பதில் வந்ததாம். அச்சடித்து மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் இருந்தது.

'தங்கள் மனு கிடைத்தது. தாங்கள் கூறியுள்ளது உண்மையா எனச் சரிபார்க்கப்பட்டு வருகிறது. பொறுமையாக இருக்கவும். இப்படிக்கு, வைத்திலிங்கம்.'

யார் என்ன அனுப்பினாலும் தானாகப் போகிற பதில் அது. அவர் உயிரோடு இருக்கும்போது எழுதி வைத்தது. எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"மிசினு அனுப்புறதுன்னு புத்திக்குத் தெரியுது தம்பி. ஆனா வூட்டுல தனியா ஒக்காந்து படிச்சப்ப குலை நடுங்கிருச்சு. பொறுமையா இருன்னு சொல்றாரு பாருங்க. உசுரோட இருந்தப்பவும் இதையேதான் சொல்லுவாரு." ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தது. "டீ ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனது.



ஏப்ரலில் ஆய்வுக்கூட்டம் நடந்தது. துணிந்து எழுந்து, அக்காவின் மனுவை வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். அந்தச் சான்றிதழ் வெறும் பூட்டு, அதற்கும் மனிதர் சாவுக்கும் சம்பந்தமில்லை, ஒரே வரியில் யார் வேண்டுமானாலும் புதிதாகச் செய்யலாம் என்றும் சொன்னேன். இணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு பேசினார்.

"தம்பி சின்னப் பையன், உணர்ச்சிவசப்படறார். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. வைத்திலிங்கம் எனக்குத் தம்பி மாதிரி. 2004 ஜூன் பதினாலுக்குப் பிறகு இந்த அலுவலகம் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு மனுக்களை வாங்கியிருக்கிறது. அத்தனையும் வைத்திலிங்கம் பூட்டின பெட்டிக்குள் விழுந்தவை. அத்தனைக்கும் வைத்திலிங்கம் பெயரில் ரசீது போயிருக்கிறது. அன்றைக்கே அவர் இறந்துவிட்டார் என்று நான் எழுதினால், இத்தனை காலம் இந்த அலுவலகத்தை நடத்தியது யார்? ஒரு பிணமா? ஒரு மனிதர் இறப்பது இயற்கை. நாற்பத்தோராயிரம் ரசீது இறப்பதை நான் அனுமதிக்க முடியாது. சான்றிதழ் முடியும்வரை அவர் இருக்கட்டும். அவரால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால், உயிரோடு இருக்கும் உங்களில் யாரும் அவர் அளவுக்கு ஒத்துழைப்பதில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்ப இத்தன வருஷமா சம்பளம் சார்?" என்றேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

"அவர் வந்து கையெழுத்துப் போடவில்லை. அது அவருடைய தாமதம்."

அன்று சாயங்காலம் காலண்டரைப் புரட்டிக் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அக்கா மனு கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 13. வைத்திலிங்கம் எங்கள் அலுவலகத்தில் சாகப்போவது ஜூன் 15. இரண்டே நாள். பதினாறாம் தேதி போய் நின்றால், "ஐயோ, காலம் கடந்துபோச்சேம்மா" என்று உட்காரவைத்து அன்பாகச் சொல்வார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அது அழவில்லை. "அந்த மிசினை நீங்கதானே தம்பி பாக்கறீங்க?" என்று மட்டும் கேட்டது.

*

ஜூன் 11, திங்கட்கிழமை. பத்து மணிப் பூசை முடிந்து எல்லோரும் கீழே வடை சாப்பிடப் போயிருந்தார்கள். நான் வைத்திலிங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் வெப்சைட்டை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டர் அந்த மேசைக்கு அடியில்தான் இருந்தது. அதன் காற்றாடிச் சத்தம் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். நாற்காலி சூடாக இருந்தது. ஜன்னல் வெயில்தான், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே இரண்டுமுறை சொல்லிக்கொண்டேன்.

கீபோர்டைத் தூக்கினால் அடியில் ஒரு துண்டுச்சீட்டு. சான்றிதழ் செய்வதற்கான கட்டளையை மறந்துவிடாமலிருக்க அவர் எழுதி ஒட்டியிருந்தார். சின்னச்சின்ன எழுத்து. அதற்குக் கீழே வேறு பேனாவில், 'மலர் - டாக்டரம்மா - புதன் 4 மணி'. அவர் செத்தது திங்கட்கிழமை. அந்தப் புதன் அவருக்கு வரவேயில்லை.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அடித்தேன். பெயர் கேட்டது. வைத்திலிங்கம் என்று கொடுத்தேன். ஊர் கேட்டது. பெரம்பலூர். எத்தனை நாள் செல்லும் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். பழைய சான்றிதழைக் கழற்றிப் புதியதை மாட்டியபோது மணி சரியாகப் பத்தே முக்கால். எழுந்திருக்கும்போது, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புரோகிராமை ஓட்டினேன். ராசாங்கம் சார் வாசிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு எழுத்திலேயே எதிரே இருந்தவரின் விரல் நின்றுவிட்டது. நேற்றைய எண் இல்லை. ராசாங்கம் சார் காகிதத்தை மேலேயிருந்து படித்தார். வழங்கியவர், வைத்திலிங்கம். வழங்கிய நாள், நேற்று. முடியும் நாள், இன்று. நேரம் ஐந்தேகால்.

"அஞ்சேகாலா? சாயங்காலமா?"

"லண்டன் கிரீன்விச் நேரம் சார். நமக்குப் பத்தே முக்கால்."

"அவரு எதுக்கு லண்டன் போனாரு?" என்றார். "நேத்து வந்திருக்காருய்யா. வந்து அவரே போட்டுட்டுப் போயிருக்காரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நான்தான் போட்டேன்" என்றேன்.

இணை இயக்குநர் அறையிலிருந்து வெளியே வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஒப்பந்த ஊழியர். உமக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாதவர் செய்தது நடந்ததாகாது. காகிதத்தில் என்ன இருக்கிறது? வழங்கியவர் வைத்திலிங்கம். ஆக நேற்று பத்தே முக்காலுக்கு அவர் பணியில் இருந்திருக்கிறார். அவ்வளவுதான்."

பிறகு யாரும் வேலை பார்க்கவில்லை. மணி பத்து இருபது. நாற்காலிகளை இழுத்துப்போட்டு ஜன்னலோர மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். சர்வரின் காற்றாடி மட்டும் கேட்டது. பாப்பாத்தியக்கா டீ போடவில்லை. ஒரு டம்ளரில் வெறும் பாலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. "கடைசி நேரத்துல டீயா குடுப்பாங்க?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. ராசாங்கம் சார் இரண்டு சொட்டுப் பாலை எடுத்து, எங்கே விடுவது என்று தெரியாமல், கீபோர்டின்மேல் விட்டார்.

பத்து நாற்பத்தாறுக்கு என்னை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். 'காலாவதி' என்று திரையில் வந்தது.

ராசாங்கம் சார் வாய்விட்டு அழுதார். அது நடிப்பில்லை. மூன்று வருஷம் தினமும் சிவப்பு டிக் போட்டுப் போட்டு நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது அத்தனையும் அன்று வந்தது. அலமாரியிலிருந்த வைத்திலிங்கத்தின் போட்டோவுக்கு முதல்முதலாக மாலை போட்டார்கள். இரண்டு நிமிட மௌனம். அரைநாள் விடுமுறை. 'திரு. வைத்திலிங்கம் 12.06.2007 முற்பகல் 10.45 மணிக்குப் பணியிலிருக்கும்போது காலமானார்' என்று ஆணை தட்டச்சாகிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. அவ்வளவு வேகமாக அங்கே எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். மலர்க்கொடி அக்கா மதியம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது. இணை இயக்குநர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"மனசைத் தேத்திக்கங்கம்மா. இன்னைக்குக் காலையில தவறிட்டார். அமைதியான சாவு. நாங்க எல்லாரும் பக்கத்துலயே இருந்தோம்."

அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராசாங்கம் சார் மனுவை நீட்டினார். இறந்த தேதியில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்து, வேலைக்கு ஒரு கையெழுத்து. மூன்று வருஷக் கெடு இனிமேல்தான் தொடங்குகிறது, அவசரமே இல்லை என்றார்.

அக்கா படித்துப் பார்த்தது. இன்னொரு தடவை படித்தது.

"அப்ப நேத்து வரைக்கும் இருந்தாருங்களா சார்?"

"ஆமாம்மா. ஒருநாள் தவறாம வந்தார். பதிவேடு இருக்கு."

"இவ பொறந்து ரெண்டேமுக்கா வருசம் ஆவுது. தெனம் ஆபீசுக்கு வந்தவரு, ஒருநாளு எட்டிவந்து புள்ள மொகத்தப் பாத்துட்டுப் போயிருக்கலாமில்ல சார்?"

ராசாங்கம் சார் சுவரைப் பார்த்தார். அக்கா இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தது.

*

அக்டோபரில் நியமன ஆணை வந்தது. இளநிலை உதவியாளர். ஜன்னலோர நாற்காலி. வாசல் போர்டில் 'எச்சரிக்கை வந்தால்' என்பதை அடித்து 'எவ்வளவு எச்சரிக்கை வந்தாலும்' என்று மாற்றி, காலாவதியான சான்றிதழை வைத்தே நான்கு மாதம் ஓட்டியிருந்தார்கள். இனி ஒரு நிரந்தர ஊழியர் பெயரில் புதுச் சான்றிதழ் போட்டுவிடலாம் என்று இணை இயக்குநர் முடிவு செய்தார்.

"மலர்க்கொடி பெயரில் போடுங்க. பத்து வருஷத்துக்கு. அடிக்கடி இந்த இழவு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அக்கா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கீபோர்டுக்கு அடியிலிருந்த சீட்டை அக்கா முதல் நாளே பார்த்துவிட்டது. எடுக்கவில்லை, அங்கேயேதான் விட்டிருந்தது. நான் கட்டளையை அடித்தேன். நாள் எண்ணிக்கை போடும் இடத்தில் மூன்று, ஆறு, ஐந்து, பூஜ்யம் என்று அடித்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தது.

"என்ன தம்பி அது?"

"பத்து வருஷம்க்கா. மூவாயிரத்து அறுநூத்தம்பது நாளு."

"அழிங்க. முப்பது போடுங்க."

"முப்பது நாளா? மாசாமாசம் புதுசு போடணும்க்கா."

"போட்டுக்கறேன். கத்துக்குடுங்க, நானே போட்டுக்கறேன்." குரலைத் தாழ்த்தியது. மேசைக்கடியில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு மாசம் நான் வந்து போடலன்னா, நான் செத்துட்டேன்னு இவங்களுக்குத் தெரியட்டும். எம்பொண்ணு வந்து நின்னு சொல்லிக்கிட்டிருக்க வேணாம்."

பத்து வருஷத்தை ஒவ்வோர் எண்ணாக அழித்துவிட்டு, முப்பது என்று அடித்தேன்.